வாடகைக்கு இருந்தவர்கள் பூட்டிக்கொண்டு போய் நாலு மாதம் (ஹட்டன்) – பூட்டை உடைக்கலாமா?

மேல்வீடு
ஆகஸ்ட் 9, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். கீழ்வீட்டில் நானும் மாமியாரும் இருக்கிறோம். மேல்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு கைக்கு வந்த சேமலாப நிதிப் பணத்தில்தான் 2012இல் அந்த மேல்தட்டைக் கட்டி முடித்தேன். மாமியாரின் மருந்துச் செலவு அந்த வாடகையில்தான் ஓடுகிறது.

இருந்தவர் லொறி ஓட்டுகிறவர். மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கிற மகள். இரண்டு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது. மாதம் 18,000 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போய் வருகிறோம் என்று ஏப்ரல் 11ஆம் தேதி புறப்பட்டார்கள். ஏப்ரல் வாடகையை வந்து தருகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை. முதலில் போன் எடுத்தால் "அடுத்த கிழமை வந்துடுறேன் அக்கா" என்பார். ஜூனில் இருந்து போன் ஓஃப். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதம், 72,000. இரண்டு மாத அட்வான்ஸ் 36,000 என்னிடம் இருக்கிறது. லைட் பில்லும் என் பெயரில்தான், அதையும் நானே கட்டுகிறேன்.

நேற்று மழையில் பீலி அடைத்துத் தண்ணீர் சுவரோடு இறங்கியது. பார்க்க மேலே ஏறினேன். குசினி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கொடியில் போட்ட துவாய் அப்படியே தொங்குகிறது. சாமி படத்துக்கு வைத்த பூ கறுத்துப்போய் நூல் மட்டும் தெரிகிறது. வாசற்படியில் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி. பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. கோபமாக ஏறிப்போனவள் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மகன் பூட்டை உடைக்கச் சொல்கிறான். சாமானைக் கட்டிக் கராஜில் போட்டுவிட்டு, டிசம்பரில் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கும்போது அறை அறையாக விடலாம் என்கிறான். செய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கொட்டகலை தம்பி
ஆகஸ்ட் 9, இரவு 9.15

நாலு மாதம் ஆளே இல்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்? உங்கள் வீடு அக்கா. இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு உடையுங்கள். சாமானை ஒன்றும் செய்யாமல் ஓரமாக வையுங்கள், போதும்.


பழைய பூட்டு
ஆகஸ்ட் 9, இரவு 10.50

தயவுசெய்து உடைக்க வேண்டாம். நான் உடைத்தவன். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

நாவலப்பிட்டியில் எனக்கு ஒரு சின்ன அனெக்ஸ் உண்டு. இருந்தவர் மூன்று மாத வாடகை வைத்துவிட்டுக் காணாமல் போனார். தம்பி சொன்ன மாதிரியேதான் செய்தேன். பக்கத்துக் கடைக்காரர், என் மச்சான் இரண்டு பேரையும் நிறுத்திப் பூட்டை அறுத்தோம். சாமானைப் பத்து உரப்பையில் கட்டினோம், அலுமாரியைச் சாய்த்துத் தூக்கினோம். பட்டியல் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் கிழமை ஆள் வந்து நின்றார். நேராகப் பொலிஸுக்குப் போய், அலுமாரிக்குள் இரண்டு பவுண் சங்கிலி இருந்தது, காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்தார். இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று நிரூபிக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. கூட நின்ற இரண்டு பேரும் என் ஆட்கள்.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. என்னிடம் எவ்வளவு வாடகை பாக்கி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பூட்டை உடைத்த அன்று அந்த வீடு யார் கையில் இருந்தது? அவர் கையில். சரி, திருப்பிக் கொடு. எட்டு மாதம் தவணை தவணையாக அலைந்து, கடைசியில் நானே புதுப் பூட்டு வாங்கி அவர் கையில் சாவியைக் கொடுத்தேன். வாடகையைக் கேட்கத் தனி வழக்குப் போடு என்றார்கள். போடுவதற்கு எனக்குத் தெம்பில்லை.


கண்டி குமாஸ்தா
ஆகஸ்ட் 10, காலை 6.30

மேலே அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. சட்டத்தரணியிடம் இருபது வருடமாக வேலை செய்கிறேன், இந்த மாதிரி எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீடு சம்பந்தமாகச் சண்டை வந்து அமைதி கெடும் என்றால் பொலிஸ் அதன் கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம், பாதிக்கப்பட்டவரும் போகலாம். அங்கே காணி உறுதி யார் பெயரில் என்று பார்க்க மாட்டார்கள். இடம் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. வழக்குக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை போட முடியும். சொந்தக்காரர் தன் உரிமையை நிலைநாட்டப் பிறகு சிவில் வழக்குத்தான் போக வேண்டும்.

"ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டார்" என்பதும் லேசான விஷயம் இல்லை. ஆள் அங்கே இல்லை என்பது வேறு, இடத்தைக் கைவிட்டார் என்பது வேறு. பூட்டு அவருடையது, சாவி அவரிடம், சாமான் உள்ளே, துவாய் கொடியில். இதையெல்லாம் பார்க்கும் யாரும் அவர் கைவிட்டுப் போனார் என்று சொல்ல மாட்டார்கள். வீடு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

உள்ளே இருக்கும் சாமான் மீது வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரருக்கு ஒரு பிடி உண்டு என்பதும் உண்மைதான். நம் நாட்டில் ஓடும் ரோமன் டச்சுச் சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தின் வழியாகத்தான் பிடிக்க முடியும். நாமே பூட்டிவைப்பதோ விற்பதோ கூடாது.

பீலி வெளியே இருப்பதால் ஏணி வைத்து வெளியிலிருந்தே சுத்தம் செய்யுங்கள். உள்ளே ஒழுகினால் கிராம சேவகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கரண்டை வெட்ட வேண்டாம். அதுவும் அவரை வெளியே தள்ளச் செய்த காரியம் என்றுதான் பேசப்படும்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. ஒப்பந்தம் எழுதினீர்களா? நொத்தாரிசு முன்னிலையிலா?


மேல்வீடு
ஆகஸ்ட் 10, காலை 7.05

முத்திரை ஒட்டி எழுதினோம். இரண்டு வருடத்துக்கு என்று போட்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்து. நொத்தாரிசிடம் போகவில்லை, செலவு என்று விட்டுவிட்டோம். இரண்டு வருடம் போன மாசியோடு முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. அப்படியென்றால் என் கையில் ஒன்றுமே இல்லையா?


கண்டி குமாஸ்தா
ஆகஸ்ட் 10, பகல் 1.20

இருக்கிறது, பயப்பட வேண்டாம். 1840இன் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடக் கணக்கு நிற்காது, மாத வாடகையாகத்தான் எடுப்பார்கள். மாத வாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் போதும். அந்த அறிவித்தல் வாடகை மாதம் முடிகிற நாளோடு முடிய வேண்டும். உங்களுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை என்றால், "செப்டெம்பர் 30ஆம் தேதியோடு வீட்டை ஒப்படைக்கவும்" என்று எழுதி, செப்டெம்பர் 1க்கு முன்பே அவர் கைக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். ஒரு நாள் பிந்தினால் ஒக்டோபர் 31க்குத்தான் போகும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை நினைத்துப் பலர் பயப்படுவார்கள், பழைய வீடுகளில் அது பெரிய தலையிடிதான். உங்கள் மேல்தட்டு 2012இல் கட்டியது. 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளை 1980இன் திருத்தம் அதிலிருந்து விலக்கிவிட்டது.

நொத்தாரிசு ஒப்பந்தம் இருந்திருந்தால் 2023இன் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் வீட்டை மீட்கக் கேட்டிருக்கலாம். அடுத்த முறை அந்தச் செலவைச் செய்யுங்கள், அது வீண் போகாது.

அறிவித்தலுக்குப் பிறகு அவர் பணம் கொண்டுவந்தால் வாங்குங்கள். ஆனால் பற்றுச்சீட்டில் "வாடகை" என்று எழுத வேண்டாம், "இருந்த காலத்துக்கான நட்டஈடு" என்று எழுதுங்கள். வாடகை என்று எழுதினால் திரும்ப வாடகைக்கு ஏற்றுக்கொண்டதாகப் போய்விடும். மற்றது, பணத்துக்கு, இரு தரப்பையும் பேசி இணக்கிவைக்கிற மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இந்த அளவுத் தொகைக்கு அங்கே போகாமல் வழக்குப் போட முடியாது, பெரிய செலவும் இல்லை.


நுவரெலியா வீட்டுக்காரன்
ஆகஸ்ட் 10, இரவு 7.30

எல்லாம் சரி. ஆனால் இதில் வீட்டுக்காரனின் நிலைமையை யார் யோசிக்கிறார்கள்? நான் வங்கிக் கடன் எடுத்துக் கட்டியவன். வாடகைக்கு இருந்தவர் காணாமல் போனாலும் வங்கி மாதத் தவணையை நிறுத்துவதில்லை. 2022இல் வட்டி ஏறியபோது நான் பட்டபாட்டை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஒரு மாத நோட்டீஸ், மத்தியஸ்த சபை, பிறகு வழக்கு என்றால் ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடம் அந்த அக்கா மருந்துக்கு என்ன செய்வார்? சட்டம் இப்படி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அது நியாயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.


லயத்துப் பிள்ளை
ஆகஸ்ட் 10, இரவு 11.10

அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. நான் மற்றப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன், பதினொரு வருடமாக டவுனில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு ஊரில் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. இருந்த காம்பராவும் தோட்டத்துடையது. தோட்டத்தில் ஒரு நாள் பேர் போட்டால், அதாவது வேலை செய்தால், 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் அக்காவின் 18,000க்குப் பதின்மூன்று நாள் வேலைக்கு மேல் வேண்டும். லொறி ஓடுகிறவர் அதைவிட உழைப்பார், ஆனால் லொறி நின்றால் மறுநாளே ஒன்றுமில்லை. பாக்கி வைத்தவன் போனை ஓஃப் பண்ணுவது ஏமாற்றத்தான் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தில் ஓஃப் பண்ணியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

இப்போது நோட்டீஸ் விஷயம். அக்கா, அவருடைய அடையாள அட்டையில் என்ன விலாசம் இருக்கிறது? தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டும் என்றால் கவனம். லயத்துக்கு வீட்டு இலக்கம், ரோட்டுப் பெயர் என்று கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது மலைக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். என் தம்பிக்கு வந்த வேலை நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் கிடைத்தது. ஒபிஸ் மேசையில் கிடந்திருக்கிறது. பதிவுத் தபால் போட்டோம், ரசீது இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நேரில் ஆள் அனுப்புங்கள்.


மேல்வீடு
ஆகஸ்ட் 11, காலை 5.50

தம்பி, நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. போட்டோக் கொப்பி எடுத்துப் பார்த்தேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம், கீழ்ப்பிரிவு. அவ்வளவுதான். மனைவியின் அம்மா வேறு தோட்டம் என்று ஒருமுறை சொன்னார், பெயர் நினைவில்லை.


நாலாம் வகுப்பு டீச்சர்
ஆகஸ்ட் 11, காலை 6.20

அந்தப் பிள்ளை படித்த பள்ளிக்கூடம் தெரியும்தானே? அங்கே போங்கள். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் விடுகைப் பத்திரம் வாங்காமல் முடியாது. வாங்கியிருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று அங்கே தெரியும். விலாசத்தை உங்களிடம் தர மாட்டார்கள், நானும் தர மாட்டேன். ஆனால் ஒரு செய்தியைச் சொல்லிவிடுங்கள் என்றால் வகுப்பு ஆசிரியர் சொல்லிவிடுவார். கடிதத்தில் வாடகைக் கணக்கை எழுத வேண்டாம், பிள்ளை கையில் போகிற கடிதம் அது. "என்ன ஆனது என்று தெரியாமல் இருக்கிறேன், ஒரு போன் எடுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.

லீவுக்குப் போகிறபோது சப்பாத்தை வாசலில் விட்டுப் போன பிள்ளை, திரும்பி வருவோம் என்று நினைத்துத்தான் போயிருக்கிறது.


மேல்வீடு
ஆகஸ்ட் 18, மாலை 4.00

சின்ன அப்டேட். கிராம சேவகரிடம் சொல்லிவிட்டேன். பொலிஸிலும் ஒரு பதிவு போட்டுக் கொப்பி வாங்கினேன், ஆளைக் காணவில்லை, வீட்டை நான் தொடவில்லை என்று. நோட்டீஸை அடையாள அட்டை விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டேன், ஒன்றைக் கதவில் ஒட்டிப் படம் எடுத்தேன். இன்னொன்றை அக்கா மகனிடம் கொடுத்துத் தோட்டத்துக்கே அனுப்பினேன். பூட்டை உடைக்கச் சொன்ன அதே பிள்ளைதான், மழையில் மோட்டார் சைக்கிளில் போய்விட்டு வந்தான். அங்கே அவருடைய அண்ணன் இருக்கிறார். வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி எங்கே என்று கேட்டதற்கு "உடம்புக்கு முடியலை" என்று மட்டும் சொன்னாராம்.

பள்ளிக்கூடத்திலும் கேட்டேன். ஜூனில் விடுகைப் பத்திரம் வாங்கியிருக்கிறார்கள். கடிதம் கொடுத்துவிட்டேன்.


மேல்வீடு
ஒக்டோபர் 6, இரவு 9.00

இடையில் எழுத முடியாமல் போய்விட்டது, மன்னிக்கவும். விஷயம் முடிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மனைவிதான். "அக்கா" என்றதோடு அழுதுவிட்டாள். ஏப்ரல் கடைசியில் கினிகத்தேனை வளைவில் லொறி சரிந்திருக்கிறது. இவருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மரக்கறி முதலாளி இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். போனை அடகு வைத்தார்களாம். "அடுத்த கிழமை, அடுத்த கிழமைன்னு பொய் சொல்லிட்டோம், அப்புறம் எந்த முகத்தோட பேசறதுன்னு தெரியலைக்கா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். மூன்று மாதம் நானும் மருந்துக் கடையில் கடன் சொல்லியிருக்கிறேன்.

செப்டெம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவருடைய மச்சானின் ஆட்டோவில். மேலே ஏற இருபத்திரண்டு படி, அவரால் முடியவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார். மாமியார் தேத்தண்ணி கொடுத்தார். கிராம சேவகரும் பக்கத்து வீட்டு ஐயாவும் இருந்தார்கள். மனைவிதான் தன் சாவியால் பூட்டைத் திறந்தாள். துருப்பிடித்துத் திரும்பவே இல்லை, தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தோம். உள்ளே நனைந்த சாக்கு வாசம். மெத்தை ஒரு பக்கம் முழுக்கப் பூஞ்சணம். ஒவ்வொரு சாமானாகச் சொல்லச் சொல்ல ஐயா எழுதினார், எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். சாமானை இரண்டு நடையாகக் கொண்டுபோனார்கள். சாவியைக் கையில் வாங்கினேன், அதற்கும் ஒரு கடிதம்.

நேற்று மத்தியஸ்த சபைக்குப் போனோம். செப்டெம்பரோடு ஆறு மாதம், 1,08,000. அட்வான்ஸ் போக 72,000. ஆகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதத்தை நான் விட்டுவிட்டேன். மிச்சம் 36,000, மாதம் 4,000 வீதம் ஒன்பது மாதம். இணக்கம் எழுதித் தந்துவிட்டார்கள்.


நுவரெலியா வீட்டுக்காரன்
ஒக்டோபர் 6, இரவு 9.40

வீடு கைக்கு வந்ததில் சந்தோஷம் அக்கா. ஆனால் 36,000ஐ விட்டிருக்கக் கூடாது. அது மாமியாரின் மருந்துக் காசு. அவர் விபத்தைப் பற்றி மே மாதமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் அப்போதே வேறு ஆளை வைத்திருப்பீர்கள். அந்த நட்டம் முழுவதும் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.


மேல்வீடு
ஒக்டோபர் 6, இரவு 10.15

நீங்கள் சொல்வதில் தப்பில்லை. சொல்லாமல் விட்டது அவர்கள் பிழைதான், அதை அவர்களிடமே சொன்னேன். மாதம் 8,000 கேட்டிருந்தால் முதல் மாதத்தோடு நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. 4,000ஐக் கட்டுவாள். அவள் இப்போது கொழுந்து எடுக்கப் போகிறாள்.


பழைய பூட்டு
ஒக்டோபர் 6, இரவு 10.30

அந்தப் பட்டியலை எப்படி எழுதினீர்கள் என்று கொஞ்சம் போடுங்கள். எனக்குத் தேவைப்படும்.


மேல்வீடு
ஒக்டோபர் 7, காலை 6.10

கோடு போட்ட கொப்பித் தாளில்தான். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், பூட்டை யார் திறந்தது. பிறகு அறை அறையாக: சாமான், எத்தனை, எந்த நிலையில். "மரக்கட்டில் 1, நல்லது. மெத்தை 1, பூஞ்சணம். காஸ் சிலிண்டர் 1, வெறும். அலுமாரி 1, பூட்டியது, சொந்தக்காரர் திறந்து பார்த்து எல்லாம் சரி என்றார்." இந்தக் கடைசி வரியை உங்கள் சங்கிலிக் கதையை நினைத்துத்தான் எழுதச் சொன்னேன் அண்ணே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லாருடைய கையெழுத்து, கிராம சேவகரின் முத்திரை. இரண்டு கொப்பி, ஆளுக்கு ஒன்று.

வாசற்படியையும் எழுதினோம். "பள்ளிக்கூடச் சப்பாத்து 1 சோடி." அதை அவள் பையில் போடவில்லை, பிள்ளைக்கு இப்போது சின்னதாகிவிட்டதாம். கழுவிக் காயவைத்திருக்கிறேன்.